கூடு விட்டுக் கூடு பாய்தல்: கூட்டுநிதியில் உருவான பாத்திரமேற்பு விளையாட்டுகளும் சேலம் – நாமக்கல் சமவெளியின் கூத்து மரபும்

ஆய்வுச்சுருக்கம்

2012ஆம் ஆண்டுக்குப் பின் கூட்டுநிதியால் உருவான பாத்திரமேற்புக் கணினி விளையாட்டுகள் பல, பழைய செவ்வியல் விளையாட்டுகளின் 'ஆன்மவழி வாரிசு' என்று தம்மை அறிவித்துக்கொண்டன. அவ்வறிவிப்பின் பொருளையும் அதன் கலைவிளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கதை எவருடைய தனியுடைமையும் ஆகாத சேலம் – நாமக்கல் சமவெளியின் கூத்து, உடுக்கைக்கதை மரபுகள் ஒப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. முன்கூட்டித் தரப்படும் பணம் படைப்பைக் கொடையாளரின் நினைவோடு பிணைக்கிறது என்பதும், அண்ணன்மார் கதை இவ்வழியில் விளையாட்டாகுமெனில் யாருடைய நினைவு அதனுள் ஆளும் என்ற வினா தவிர்க்க இயலாதது என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, கூட்டுநிதி, ஆன்மவழி வாரிசு, தெருக்கூத்து, அண்ணன்மார் கதை, படுகளம்

1. பெயர் சொல்ல இயலாத வழிநூல்

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தது நன்னூல். முன்னோர் நூலின் கருத்தோடு ஒத்து நின்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். வழிநூல் செய்தவன் தன் முதல்நூலைப் பெயர் சுட்டிச் சொல்வதற்குத் தடையேதும் இல்லை. சொல்வது அவனுக்குப் பெருமையும்கூட. கணினி விளையாட்டுத் துறையில் வழங்கும் 'ஆன்மவழி வாரிசு' என்னும் தொடர் இந்த வகைப்பாட்டுக்குள் அடங்காது. பழைய விளையாட்டின் பெயரும் உலகமும் மாந்தரும் ஒரு நிறுவனத்தின் சட்டவழி உடைமைகள். அவற்றை ஆக்கியவர்கள் அந்நிறுவனத்தை விட்டு வெளியேறும்போது கைப்பழக்கத்தையும் மனப்போக்கையும் மட்டுமே உடன்கொண்டு போக முடிகிறது. அந்த எச்சத்திலிருந்து புதிய பெயரில் ஆக்கப்படுவதே ஆன்மவழி வாரிசு. அது முதல்நூலைப் பெயர் சொல்லி உரிமை கொண்டாட இயலாத வழிநூல்.

இந்நிலைக்குத் தமிழ் மரபில் பொருத்தமான கதை ஒன்று உண்டு. சாத்தனூரில் இடையன் மூலன் இறந்து கிடக்க, அவனைச் சூழ்ந்து கதறிய பசுக்களின் துயர் தீர்க்க யோகியார் ஒருவர் அவனுடலில் புகுந்தார் என்றும், மீண்டு வந்து தேடியபோது அவர் விட்டுச்சென்ற உடலைக் காணவில்லை என்றும் திருமூலர் வரலாறு கூறும். அக்கதையில் இருவகைச் சாட்சிகள் இருக்கின்றனர். பசுக்கள் உடலைக் கண்டதும் ஆறுதல் அடைந்தன. மூலனின் மனைவியோ உடலைக் கண்டும் ஏமாறவில்லை. உள்ளே இருப்பவர் வேறு என்று உணர்ந்தாள். ஆன்மவழி வாரிசுகளை எதிர்கொண்ட சுவைஞர்களும் இவ்விரு வகையினரே.

இவற்றின் வரலாறு சற்றே சிக்கலானது. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டில் தொடங்கி, ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, தம் சொல்லாலும் செயலாலும் கதையின் போக்கை மாற்றும் வகைமை பாத்திரமேற்பு விளையாட்டு எனப்பட்டது. 1988இல் வந்த வேஸ்ட்லேண்ட் என்னும் கணினி விளையாட்டை இன்டர்பிளே நிறுவனம் ஆக்கியது. அதன் பெயருரிமையோ வெளியீட்டாளரான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது. எனவே இன்டர்பிளே 1997இல் ஃபால்அவுட் என்னும் புதுப்பெயரில் அதே உணர்வை மீட்டது. பின்னர் ஃபால்அவுட் என்னும் பெயரே பெதஸ்டாவுக்கு விலைபோனது. 2008இல் வந்த ஃபால்அவுட் 3 முற்றிலும் வேறு ஆட்டமுறை கொண்டிருந்தது. மூலனின் உடலுள் வேறொருவர் புகுந்த கதை இங்கேதான் அப்படியே நிகழ்ந்தது. இதற்கிடையில் பழைய வேஸ்ட்லேண்டின் உரிமையைப் பிரையன் ஃபார்கோ மீட்டுக்கொண்டார். 2012இல் கூட்டுநிதி திரட்டி 2014இல் வேஸ்ட்லேண்ட் 2ஐ வெளியிட்டார். பழைய ஃபால்அவுட்டை நேசித்தவர்கள் தாம் தேடியது அதனுள் இருப்பதாகக் கண்டனர். உரிமைப் பத்திரங்களும் உயிர்களும் வெவ்வேறு வழிகளில் பயணம் செய்யும் இத்துறையில் 'வாரிசு' என்பது சட்டச் சொல்லா, சுவைச் சொல்லா என்பது ஒருபோதும் தெளிவாவதில்லை.

2. அச்சாரமும் நினைவும்

பேச்சில் 'கிரவுட் ஃபண்டிங்' எனப்படும் கூட்டுநிதி, ஆக்கத்துக்கு முன்பே அதன் சுவைஞரிடம் பணம் பெறும் முறை. கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு குழு தன் திட்டத்தையும் வேண்டும் தொகையையும் அறிவிக்கும். குறித்த நாளுக்குள் அத்தொகை திரண்டால் பணம் கைக்கு வரும், திரளாவிடில் ஒன்றுமில்லை. ஆப்சிடியன் நிறுவனம் 2012 இலையுதிர்காலத்தில் ஒரு திட்டத்தை முன்வைத்தது. பால்டர்ஸ் கேட், ஐஸ்விண்ட் டேல், பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் ஆகிய மூன்றின் நினைவைச் சுட்டி, அவற்றின் வழியில் புதியதொன்றைத் தருவோம் என்பதே வாக்குறுதி. ஏறத்தாழ 74,000 பேர் சேர்ந்து 40 லட்சம் டாலரை நெருங்கிய தொகையைத் தந்தனர். அதுவே 2015இல் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி ஆயிற்று. அடுத்த ஆண்டே இன்எக்ஸைல் நிறுவனத்தின் டார்மென்ட்: டைட்ஸ் ஆஃப் நியூமெனெரா 40 லட்சம் டாலரைக் கடந்தது; அது வெளிவந்தது 2017இல்.

கலைக்கு முன்பணம் என்பது சேலம் – நாமக்கல் சமவெளிக்குப் புதிதன்று. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டுப் பணம் சேர்த்து, கூத்துக்குழுவின் வாத்தியாரிடம் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து ஆட்டத்தை உறுதிசெய்வது இங்குள்ள ஊர்கள் நெடுங்காலமாக அறிந்த நடைமுறை. எந்த இரவில் எந்தக் கூத்து என்பதையும் பெரும்பாலும் ஊரே சொல்லிவிடும். இவ்வளவில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் பணம் எதற்குத் தரப்படுகிறது என்று கேட்டால் வேறுபாடு துலங்கும்.

பதினெட்டாம் போரையோ கர்ண மோட்சத்தையோ கேட்கும் ஊருக்கு அதன் கதை முழுவதும் தெரியும். கர்ணன் சாவான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஊர் பணம் கொடுப்பது அந்தச் சாவு இன்றிரவு எப்படி நிகழும் என்பதற்கு. எந்தப் பாட்டு நீளும், எந்த இடத்தில் கோமாளி புகுந்து உள்ளூர்ச் செய்தியை இழுப்பான், கர்ணன் – பொன்னுருவி தர்க்கம் எத்தனை நாழிகை போகும் என்பவையெல்லாம் வேடக்காரரின் கையிலும் மிருதங்கத்தின் கையிலும் இருப்பவை. கதை உறுதி, ஆட்டம் உறுதியற்றது. கூட்டுநிதி விளையாட்டில் நிலை தலைகீழ். கதை இன்னும் எழுதப்படவேயில்லை. கொடையாளர் எவருக்கும் அது தெரியாது. அவர்கள் அறிந்ததும் கேட்டதும் வடிவத்தையே. சாய்கோணத்தில் மேலிருந்து காணும் வண்ணந்தீட்டிய பின்புலம், அறுவர் கொண்ட குழு, நிறுத்தி நிறுத்தித் தொடரும் சண்டை, பக்கம் பக்கமாக உரையாடல் ஆகியன அவ்வடிவத்தின் உறுப்புகள். உயிரை மீட்பதாகச் சொல்லிப் பணம் பெறப்பட்டது. ஒப்பந்தமோ உடலின் உறுப்புகளைப் பட்டியலிட்டது. ஆன்மவழி வாரிசு என்ற பெயரின் முதல் முரண் இதுவே.

இதன் விளைவு பில்லர்ஸ் விளையாட்டில் கண்கூடு. நிதி குறித்த எல்லைகளைத் தாண்டும்தோறும் கூடுதல் உறுதிமொழிகள் தரப்பட்டன. இரண்டாவது பெருநகரம் ஒன்று, ஆடுபவருக்கு ஒரு கோட்டை, கொடையாளர் எண்ணிக்கை ஏற ஏற ஆழமாகிக்கொண்டே போன பாதாளம் ஒன்று எனப் பட்டியல் நீண்டது. ஆட் நுவா என்னும் அப்பாதாளம் இறுதியில் 15 தளங்கள் கொண்டதாயிற்று. கதைக்கு வேண்டிய ஆழம் அன்று அது, வசூலின் ஆழம். கோட்டையோ வெளியீட்டின்போது செய்வதற்கு அதிகமில்லாத வெறும் கட்டடமாக இருந்தது; பின்வந்த திருத்தங்களே அதற்குச் சற்று வேலை கொடுத்தன. டார்மென்ட் விளையாட்டில் இடர் எதிர்த்திசையில் வந்தது. வாக்களித்த துணைமாந்தரின் எண்ணிக்கை குறைந்தது. இத்தாலிய மொழியாக்கம் வெளியீடு நெருங்கிய வேளையில் கைவிடப்பட்டது. ஒரு நாவலாசிரியன் தன் கைப்பிரதியிலிருந்து ஒரு பாத்திரத்தை நீக்கினால் அது செப்பம். முன்பணம் பெற்றவன் நீக்கினால் அது வாக்குத் தவறல். கூட்டுநிதி படைப்பாளியிடமிருந்து பறித்துக்கொள்ளும் முதல் உரிமை, வெட்டும் உரிமை.

3. உபயம் எழுதிய விளக்கு

கோயில் மண்டபங்களில் தொங்கும் குழல்விளக்குகளைக் கண்டவர் அறிவர்: உபயம் செய்தவரின் பெயர், ஊர், தந்தை பெயர் என எழுத்துகள் நிறைந்து விளக்கின் வெளிச்சத்தில் பாதியை மறைத்திருக்கும். பில்லர்ஸ் விளையாட்டின் ஊர்களிலும் அத்தகைய விளக்குகள் உண்டு. பெருந்தொகை தந்தோர் தமக்கென ஒரு மாந்தரைப் படைத்து விளையாட்டுக்குள் நிறுத்த உரிமை பெற்றனர். பொன்னிறப் பெயர்ப்பலகை தாங்கித் தெருவெங்கும் நிற்கும் அம்மாந்தரின் உள்ளத்தைத் தொட்டுப் பார்த்தால், அவர்தம் முற்பிறவி பற்றிய ஒரு சிறு புனைவு விரியும். மையக்கதையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நினைவுக்கற்களிலும் கொடையாளரின் வாசகங்கள் பொறிக்கப்பட்டன; அவற்றுள் ஒன்றன் நகைச்சுவை இழிவானது என்று 2015இல் எதிர்ப்பு எழ, அது மாற்றி எழுதப்பட்டது. முதன்முறை ஆடுபவர் எது ஆசிரியரின் சொல், எது உபயதாரரின் சொல் என்று அறியாமல் சில மணி நேரத்தை வீணாக்குவது இயல்பு.

கூத்திலும் கொடையாளர் பெயர் ஒலிக்கும். துரௌபதி துகில் பறிபோகும் வேளையிலும் இன்னார் இத்தனை ரூபாய் அன்பளிப்பு என்ற அறிவிப்பு குறுக்கிடுவதுண்டு. வெளியார்க்கு அது இரைச்சல். ஆயினும் கூத்தின் இலக்கணம் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. கட்டியக்காரனோ கோமாளியோ பணத்தை வாங்கி, கொடுத்தவரைப் புகழ்ந்து, புகழ்ச்சியிலேயே சற்றுக் கிண்டலையும் கலந்து, அடுத்த அடியில் அத்தினாபுரத்துக்குத் திரும்பிவிடுவான். கதையுலகுக்கும் களரிக்கும் இடையில் நின்று இரண்டோடும் பேச உரிமை பெற்ற ஒருவன் அம்மரபில் இருக்கிறான். பில்லர்ஸ் விளையாட்டுக்கு வாய்க்காதது அத்தகைய கோமாளி. கொடையாளரின் பெயர் அங்கே கதையுலகின் குடிமகனாக வேடமிட்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே அது பொய்யாகிறது.

4. உயிரின்றிப் பிறந்த குழந்தைகள்

இக்குறைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் இவ்விரு விளையாட்டுகளுக்கும் நீதி செய்ததாகாது. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், தம் பிறப்பின் இக்கட்டையே இரண்டும் தம் கதைப்பொருளாக்கிக்கொண்டன. ஆக்கியோர் திட்டமிட்டுச் செய்தனரா என்பது இங்கு முதன்மையன்று. பிரதி அவ்வாறு பேசுகிறது.

பில்லர்ஸ் கதை நிகழும் நாட்டில் குழந்தைகள் உயிர்மம் இன்றிப் பிறக்கின்றன. உடல் இருக்கும், மூச்சு இருக்கும், உள்ளே எவரும் இருப்பதில்லை. கதைத்தலைவரோ பிறருடைய முற்பிறவிகளைக் காணும் ஆற்றல் பெற்று, தன் முற்பிறவி நினைவு விழித்தெழுந்ததால் உறக்கம் இழந்தவர். முற்பிறவியை நினைத்தல் இவ்வுலகில் வரம் அன்று, பிணி. பழைய விளையாட்டின் நினைவுக்காகப் பணம் தந்த 74,000 பேரிடம், நினைவு மீள்வது நோய் என்று சொல்லும் ஒரு கதை தரப்பட்டது. கதையின் முடிவில், மக்கள் வணங்கும் தெய்வங்கள் முன்னொரு காலத்து மாந்தரால் ஆக்கப்பட்டவை என்ற உண்மை வெளிப்படுகிறது. முன்னோர் தந்த வடிவம் தெய்வ வாக்கன்று, செய்பொருளே என்பதை வடிவத்தை எள்ளளவும் மீறாத ஒரு விளையாட்டு சொல்கிறது. சொல்லிவிட்டு, அவ்வடிவத்துக்குள்ளேயே அடங்கியும் விடுகிறது. அதன் பெருமையும் எல்லையும் அவ்விடத்திலேயே உள்ளன.

டைட்ஸ் ஆஃப் நியூமெனெராவின் கரு இதனினும் நெருக்கமானது. சாவைத் தவிர்க்க உடல் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒருவர், மாறுந்தோறும் பழைய உடலை எறிந்துவிட்டுப் போகிறார். எறியப்பட்ட உடல் வெறுங்கூடாகக் கிடப்பதில்லை. அதனுள் புதியதோர் உணர்வு விழிக்கிறது. அப்படி எறியப்பட்ட கடைசி உடலே ஆடுபவரின் பாத்திரம். கூடு விட்டுக் கூடு பாய்ந்தவரின் பெருமையைப் பேசும் மரபுக்கு எதிராக, விடப்பட்ட கூட்டின் பக்கம் நின்று பேசுகிறது இக்கதை. 1999இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் தன்னை மறந்த சாவிலி ஒருவன் தன் பழம்பிறப்புகளின் வினைகளைத் தேடிச்சென்ற கதை. அதன் உலகம் வேறு நிறுவனத்தின் உடைமையாதலால், 'டார்மென்ட்' என்ற சொல்லை மட்டும் பெற்றுக்கொண்டு, மான்டி குக்கின் நியூமெனெரா என்னும் மேசை விளையாட்டின் உலகுக்குள் குடிபெயர்ந்தது வாரிசு. அவ்வுலகும் 2012இல் 5 லட்சம் டாலருக்கு மேல் கூட்டுநிதி பெற்று உருவானதே. ஒரு சொல் ஓரிடம், ஓர் உலகு வேறிடம், ஓர் உணர்வு மூன்றாமிடம் என்று திரட்டிய இதனைத் தன் கதைத்தலைவரைப் போலவே எறியப்பட்டவற்றிலிருந்து எழுந்தது எனலாம்.

ஆயினும் அதை ஆடியவர் பலரும் மூலனின் மனைவி நிலையிலேயே நின்றனர். சொற்பெருக்கு இருந்தது, விந்தைகள் அடுக்கடுக்காக இருந்தன, பழைய டார்மென்டின் குற்றவுணர்வு இல்லை. பழையதில் ஒவ்வொரு விந்தையும் நாயகனின் கடந்தகாலப் பழியைச் சுட்டியது. புதியதில் விந்தை விந்தையாகவே நின்றது. 2019இல் எஸ்தோனியக் குழுவினர் ஆக்கிய டிஸ்கோ எலிசியம் கூட்டுநிதியின் துணையின்றி வந்தது. மாயவுலகையும் வாள்வீச்சையும் விட்டுவிட்டு, குடித்துத் தன் பெயரையே மறந்த ஒரு காவல் அதிகாரியைச் சிதைந்த துறைமுக நகரில் நிறுத்தியது. பழைய டார்மென்டின் மெய்யான வழித்தோன்றலாகத் திறனாய்வாளர் பலர் கொண்டது அதையே. யாரிடமும் ஒப்புமைக்கு முன்பணம் வாங்காததால் அதற்கு உருவத்தைத் துறக்கும் உரிமை இருந்தது.

மற்றுமொரு திருப்பமும் குறிக்கத்தக்கது. டிவினிட்டி: ஒரிஜினல் சின் என்னும் விளையாட்டுக்கு 2013இல் கூட்டுநிதி பெற்று மீண்ட லாரியன் நிறுவனம், 2023இல் பால்டர்ஸ் கேட் 3ஐ முறையான உரிமத்தோடு வெளியிட்டது. உணர்வு வாரிசுக்குப் பெயரும் சொத்தும் சேர்ந்துவந்த அரிய நேர்வு இது. அப்போதும் சண்டைமுறை பழைய பால்டர்ஸ் கேட்டினுடையதன்று, லாரியனுடையதே.

5. நினைவில்லாத நிலத்தில்

இந்தியாவில் இம்முறை எவ்வாறு வேர்கொண்டது? இரு நேர்வுகள் இங்குப் பொருந்தும். இந்தியச் சிறுகுழுவான பைரோடாக்டைல் 2013இல் அன்ரெஸ்ட் என்னும் பாத்திரமேற்பு விளையாட்டுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 3,000 டாலர். திரண்டது 36,000 டாலருக்கு மேல். 2014இல் அது வெளிவந்தது. புணேயின் நாடிங் ஹெட்ஸ் குழு 2017இல் ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக் என்னும் சாகச விளையாட்டுக்கு 90,000 பவுண்டு கேட்டது, இலக்கு எட்டப்படவில்லை. ஆக்கியோர் வேறு வழிகளில் தொடர்ந்து 2020இல் அதை வெளியிட்டனர். தம்பியை மீட்கச் செல்லும் நாடோடிக் கழைக்கூத்துப் பெண்ணின் கதை அது. இடைக்காட்சிகள் தோற்பாவை நிழற்கூத்தின் பாணியில் அமைந்தவை.

தொகைகளை மட்டும் ஒப்பிட்டு இந்தியப் படைப்புக்கு உலகச் சந்தை இல்லை என்று முடிவு கட்டுவது எளிது, பிழையும்கூட. கூட்டுநிதியில் இலட்சக்கணக்கில் பணம் ஈட்டியவை ஏற்கெனவே ஆடப்பட்ட விளையாட்டுகளின் நினைவுகள். இளமையில் பால்டர்ஸ் கேட் ஆடியவர் நடுவயதில் கையில் பணத்தோடு காத்திருந்தார். துர்க்கையையும் திருமாலையும் கதையில் கேட்டு வளர்ந்தோர் கோடிக்கணக்கில் உண்டு. அவர்களை விளையாட்டில் ஆடி வளர்ந்தவர் எவருமிலர். ராஜிக்குக் கதைமுன்னோர் இருந்தனர், வடிவமுன்னோர் இல்லை. கூட்டுநிதி கடனாகக் கொள்வது வடிவத்தின் நினைவையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அன்ரெஸ்ட் சிறிய தொகையில் செய்த காரியமோ பெரிது. பஞ்சம் சூழ்ந்த பண்டை இந்தியச் சாயலுள்ள ஒரு கற்பனை நகரம்; உணவுக்காக நாகர் பேரரசோடு உடன்படிக்கைப் பேச்சு; உள்ளே கலகம். உலகைக் காக்கும் வீரன் எவனும் இதில் இல்லை. விரும்பாத மணத்துக்கு உட்படுத்தப்படும் உழவர்வீட்டுப் பெண்ணாக ஆடுபவர் ஓர் அத்தியாயத்தில் பேசுகிறார். வேறோர் அத்தியாயத்தில் அரண்மனையில், இன்னொன்றில் நாகர் தரப்பின் தூதராக நிற்கிறார். சண்டை அரிது, நேரும்போது சாவு அண்மையில் இருக்கிறது. ஓவியம் எளியது, சில இடங்களில் உரையாடல் அவசரமாக முடிந்துவிடுகிறது என்ற குறைகள் உண்மையே. ஆயினும் பேரளவு நிதி பெற்ற வாரிசுகள் எவையும் துணியாத ஒன்றை அது துணிந்தது: ஆடுபவரை ஒரே உடலில் நிலைக்க விடவில்லை. ஓரிரவில் ஒரே கலைஞர் முன்னிரவில் பெண்வேடமும் பின்னிரவில் அரசவேடமும் கட்டும் கூத்துக்கு இது நெருங்கிய உறவு. 'பாத்திரமேற்பு' என்னும் சொல்லின் முழுப்பொருளை அன்ரெஸ்ட் எடுத்துக்கொண்டது எனலாம். மற்றவை ஒரு பாத்திரத்தை வளர்த்தன, ஏற்கவில்லை.

6. அண்ணன்மார் கதைக்கு யார் அச்சாரம் தருவர்?

கொங்கு வட்டாரத்தின் அண்ணன்மார் கதை வடிவ மாற்றங்களுக்குப் பழகியது. உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடப்பட்டது, சக்திக்கனல் பதிப்பில் அச்சேறியது, 1960களில் காங்கேயம் பகுதியில் களப்பணி செய்த கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக்கின் ஆய்வுகள் வழி உலகறிந்தது, மு. கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' புதினமாகவும், 2011இல் அதே பெயரில் திரைப்படமாகவும், பெக்கின் முயற்சியால் 26 பகுதி அசைவூட்டத் தொடராகவும் ஆயிற்று. அடுத்தது விளையாட்டாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது மிகையன்று. இரு உடன்பிறப்புகள், தங்கை, கொம்பன் என்னும் பன்றி, வளநாடு, வேட்டுவர் படை என வகைமை கேட்கும் உறுப்புகள் யாவும் அதனுள் முன்பே இருக்கின்றன. உலகெங்கும் பரவிய கொங்குத் தமிழர் பணம் தரத் தயங்கமாட்டார் என்பதும் எதிர்பார்க்கத்தக்கதே.

இடர் தொடங்குவதும் அவ்விடத்தில்தான். இக்காப்பியம் உழுகுடிக்கும் வேட்டுவக்குடிக்கும் இடையே நிலத்துக்காக நடந்த மோதலின் நினைவு. ஒரு தரப்பின் வீரம் மறுதரப்பின் இழப்பு. சாம்புவன் என்றும் சாம்புகன் என்றும் பாடகருக்குப் பாடகர் பெயர் மாறும் பணியாளின் வலிமையின்றி அண்ணன்மார் வெற்றி பெறுவதில்லை. அவனோ தலைவர்களின் வரிசையில் நிற்பதில்லை. உடுக்கைப் பாடகர் கதையை நிகழ்த்தும்போது எதிரே அமர்ந்திருப்போர் பல குடியினர். சாம்புவன் பகுதியைச் சற்று நீட்டுவதும், தலையூர்க் காளியின் பக்கத்துக்கும் ஓரடி நியாயம் வைப்பதும் பாடகரின் கையில் இருக்கும். பணம் ஊரினுடையது, ஊர் பலருடையது. ஊரில் வரி கொடுக்க அனுமதிக்கப்படாத குடிகளும் இருந்தன என்பதை மறந்து இதைப் பொற்காலம் ஆக்கவேண்டியதில்லை. வரி வாங்காமை விலக்கிவைத்தலின் வடிவம் என்பது இச்சமவெளி அறிந்த செய்தி. ஆனாலும் களரியைச் சுற்றி நிற்பவனின் காது பாடகரைக் கட்டுப்படுத்தியது.

கூட்டுநிதியில் அந்தக் காது இல்லை. கொடையாளர் பட்டியல் ஒரே குடியின் பெயர்ப்பட்டியலாக அமையுமெனில், பொன்னிறப் பெயர்ப்பலகைகள் வளநாட்டின் தெருக்களில் நிற்கும். வேட்டுவர் வெட்டி எண்ணப்படும் எதிரிக்கூட்டமாக நிற்பர். பன்றியைக் கொல்லும் புகழ் எவருக்கு என்ற பாடவேறுபாடு ஒரு சாதனைப் பதக்கத்தால் முடிவு செய்யப்படும். பில்லர்ஸ் விளையாட்டில் பாதாளத்தை ஆழமாக்கிய அதே விசை இங்கே பழம்பகையை ஆழமாக்கும். இதற்கு மாற்று அன்ரெஸ்ட் காட்டிய பரப்பில் உண்டு: ஓர் இரவு சங்கராக, ஓர் இரவு சாம்புவனாக, ஓர் இரவு வேட்டுவப் பெண்ணாக ஆடுபவர் நிற்கும் அமைப்பு. அதற்கு ஒப்புமையை அன்றி வேறுபாட்டை நம்பி அச்சாரம் கொடுப்போர் வேண்டும். அத்தகையோர் 36,000 டாலர் அளவுக்கேனும் உலகில் இருக்கின்றனர் என்பதை 2013 காட்டியது.

இக்கதை மரபுக்குள்ளேயே பாத்திரமேற்பின் முற்றிய வடிவம் ஒன்று இருப்பதை இத்தகைய திட்டம் எதுவும் கருதாமல் விடலாகாது. மணப்பாறை அருகேயுள்ள வீரப்பூரிலும் கொங்குப் பகுதி ஊர்கள் பிறவற்றிலும் படுகளம் நிகழும்போது, மாண்ட வீரராக அருள்வந்து விழுவோர் தொழில்முறை வேடக்காரர் அல்லர், ஊர்மக்கள். வரிசையாகக் கிடத்தப்பட்ட அவர்களைத் தங்காளின் நிலையில் நிற்பவர் தீர்த்தம் தெளித்து எழுப்புவார். கதையில் அவள் எழுப்பும் அண்ணன்மார் சிறிது நேரமே உயிர்த்திருந்து மீண்டும் மாள்கின்றனர். வாரிசு விளையாட்டுகள் பலவும் ஆடுபவர் கையில் வாளைத் தந்தவை. சாவைத் தோல்வியென்று குறித்து முந்தைய சேமிப்புக்குத் திருப்பி அனுப்பியவை. படுகளத்தில் விழுவதே ஆட்டம். எழுப்பும் வேலை வாளேந்தாத தங்கைக்கு உரியது. அவள் எழுப்புவது வெல்லச் செய்வதற்கு அன்று, ஒருமுறை பேசிவிட்டுப் போகச் செய்வதற்கு.